பாட்டுக்கு அடியில் ஒரு கூற்று: அமெரிக்கக் கறுப்பின உரிமைப் பாடல்களைப் படிக்கும் முறை

"இப்பாடல் நிறவெறியை எதிர்த்து, மனித சமத்துவத்தை வலியுறுத்துகிறது." அரசுக் கலைக் கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் நடத்துகிற எனக்கு, விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படும் வரி இதுதான். எந்தப் பாட்டின் கீழும் இதை எழுதிவிடலாம். எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற வரி எந்தப் பாட்டைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்று மாணவர்களிடம் சொல்வேன். உயிரைப் பணயம் வைத்துப் பாடப்பட்ட பாடல்கள் இவை. அவற்றை ஒரே அச்சில் வார்த்துவிடுவது எனக்குப் பொறுப்பதில்லை.

அதற்கு மாற்றாக நான் கையாளும் முறை நம் மரபிலிருந்து எடுத்தது. குறுந்தொகையோ நற்றிணையோ திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டோடும் ஒரு கூற்று வரி இருக்கும்: தலைவி தோழிக்கு உரைத்தது, பிரிவு உணர்ந்து வேறுபட்ட தலைவியைத் தோழி வற்புறுத்தியது என்பது போல. யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பாட்டு எழுதியவர் எழுதியதல்ல அது. பின்னால் வந்த ஒருவர் பாட்டை ஊன்றிப் படித்து, தமக்குப் புரிந்ததை எழுதி வைத்தது. அப்படியொரு வரியைப் போராட்டப் பாடல் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். எழுதப் போனால்தான் பாட்டில் நாம் கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று தெரியும்.

கேட்பதில் தொடங்குங்கள்

வரிகளை முதலில் படிக்காதீர்கள். எங்கள் வகுப்பறையில் ஒலிபெருக்கி கிடையாது. கைப்பேசியை மேசையில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்போம். சித்திரை மாத வெயிலிலும் அப்படித்தான். முதல் தடவை யாரும் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் தடவை காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும், பிடிபடாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். அச்சிட்ட வரிகள் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். கோடு போட்ட இடங்களைப் பிறகு பார்த்தால், பாடகர் குரலைத் தாழ்த்திய, சொல்லை மென்று விழுங்கிய இடங்களாக அவை பெரும்பாலும் இருக்கும். அவை ஆராய வேண்டிய இடங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பிழைகள் அதிகம். ஒருவர் பாடிய பதிவின் பெயரில் வேறொருவர் பாடிய வரிகள் இருப்பதும் உண்டு. ஆகவே தாளின் தலைப்பில் பாடியவர் பெயரையும் பதிவின் ஆண்டையும் எழுதிக்கொண்டுதான் அடுத்த வேலை.

இன்னொன்று. இலக்கணம் சரியில்லை என்று நினைத்துப் பாடல் வரியைத் திருத்தாதீர்கள். கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்கு அதற்கே உரிய இலக்கணம் இருக்கிறது. அதைப் பாடப்புத்தக ஆங்கிலமாக்கினால் பேசுகிறவரையே மாற்றிவிடுகிறீர்கள். பேசுகிறவர் மாறினால் கூற்றும் கெட்டுப்போகும்.

பேசுகிறவர் தென்படாத பாட்டு

'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பன்னிரண்டு வரிப் பாட்டு. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939இல் பதிவு செய்தது. தென்மாநில மரங்களில் விசித்திரமான கனி ஒன்று தொங்குகிறது, இலையிலும் வேரிலும் இரத்தம் என்று தொடங்குகிறது. கும்பல் கூடி அடித்து மரத்தில் தூக்கிலிட்ட கறுப்பின மனிதர்களின் உடல்கள்தான் அந்தக் கனி.

முதல் வேலை, பாட்டில் யார் இல்லை என்று பட்டியல் போடுவது. 'நான்' இல்லை. 'நீ' இல்லை. இறந்தவருக்குப் பெயர் இல்லை. கொன்றவர் இல்லை. கொலை என்ற சொல்கூட இல்லை.

இரண்டாவது வேலை, கடைசி நான்கு வரிகளில் வினைச்சொற்களை அடிக்கோடிடுவது. காகம் கொத்துகிறது. மழை திரட்டுகிறது. காற்று உறிஞ்சுகிறது. வெயில் அழுக வைக்கிறது. மரம் உதிர்க்கிறது. ஐந்து வினைகள், ஐந்துக்கும் எழுவாய் இயற்கை. மனிதர் எவரும் அங்கே எதையும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாட்டு தொடங்கும்போதே குற்றம் முடிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது உடல் மட்டும். ஆனால் கடைசி வரி அந்த உடலைக் கசப்பான விளைச்சல் என்கிறது. விளைச்சல் இருந்தால் விதைத்தவன் இருக்க வேண்டும். அவனைப் பாட்டு எங்கும் காட்டவில்லை. தேடும் பொறுப்பைக் கேட்கிறவரிடம் விட்டுவிடுகிறது.

நடுவில் உள்ள நான்கு வரிகளுக்கு வேறொரு பயிற்சி வைத்திருக்கிறேன். இரண்டாவது வரியையும் நான்காவது வரியையும் காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். மிஞ்சுகிற இரண்டு வரிகள் சுற்றுலாத் துறை விளம்பரம்போல் இருக்கும்: வீரமும் பண்பாடும் மிக்க தெற்கின் நாட்டுப்புறக் காட்சி, புத்தம் புதிய மக்னோலியாப் பூவின் இனிய மணம். மக்னோலியா மிசிசிப்பியின் மாநில மலர். தெற்கத்தி வெள்ளையர் தம் மண்ணைப் புகழ வழக்கமாக எடுக்கும் சொற்கள் இவை. இப்போது காகிதத்தை நீக்குங்கள். முதல் புகழ்ச்சிக்கு அடுத்து, பிதுங்கிய கண்களும் கோணிய வாயும். பூ மணத்துக்கு அடுத்து, எரியும் சதையின் வாடை. காகிதத்தை எடுக்கும்போது வகுப்பில் யாரும் பேசுவதில்லை. கொலையைக் கண்டிக்கும் வரி ஒன்றுகூட இந்தப் பாட்டில் கிடையாது. புகழ்ச்சியையும் பிணத்தையும் அடுத்தடுத்து வைத்ததே கண்டனம்.

நம் அகப்பாட்டில் பூவையும் விலங்கையும் மட்டும் சொல்லி, மனிதர் செய்தியை உள்ளுறையாக வைப்பார்கள். இங்கே முறை தலைகீழாகிறது. மூன்றாம் வரியிலேயே கறுப்பு உடல்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியாகிவிட்டது. உள்ளே மறைந்திருப்பவன் கொன்றவன் ஒருவன்தான். தமிழ் இலக்கியம் படித்த மாணவர்கள் இந்த வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் வரிகளிலேயே கிடைக்கிறது. இதன் பிறகுதான் பின்னணிக்குப் போக வேண்டும். எழுதியவர் ஏபல் மீரோபோல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த யூதர். கவிதை 1937இல் ஆசிரியர் சங்க இதழில் வந்தது. அப்படியொரு கொலையின் புகைப்படம் மனத்தை விட்டு அகலாததால் எழுதினார். ஹாலிடே ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்ததால், கமடோர் என்ற சிறிய நிறுவனம் பதிவு செய்தது. பாடிய இடம் நியூயார்க்கின் 'கஃபே சொசைட்டி', கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர முடிந்த இரவு விடுதி. அந்தக் காலத்தில் அது அரிது. நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு இது. பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணைந்து, அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடி முடித்ததும் போய்விடுவார். எவ்வளவு கைதட்டினாலும் திரும்பி வருவதில்லை.

பதிவிலும் அந்த அமைதியின் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக வாத்தியம் மட்டும் ஒலித்த பிறகே அவர் குரல் வருகிறது. பாட்டு எங்கே என்று மாணவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பொறுத்திருங்கள் என்று கைகாட்டுவேன்.

பின்னணி தெரிந்தவுடன் பாட்டை அதற்குள் அடைத்துவிடவும் கூடாது. மீரோபோலை உலுக்கிய படம் என்று பெரும்பாலும் சுட்டப்படுவது 1930இல் இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில் எடுத்த படம். இண்டியானா வடமாநிலம். பாட்டோ தெற்கு, தெற்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒரு படத்திலிருந்து பிறந்தாலும் ஒரு சம்பவத்தோடு பாட்டு நின்றுவிடவில்லை என்பதற்கு இதுவே போதும்.

இப்போது கூற்று எழுதலாம். என் மாணவி ஒருத்தி எழுதியதை இன்றும் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்: "தன்னை வெளிக்காட்டாத ஒருவர், உண்டு களிக்க வந்த நகரத்தாருக்கு, அவர்கள் கை ஓய்ந்த பிறகு காட்டியது." சொல்லியது என்று எழுதாமல் காட்டியது என்று எழுதினாள் பாருங்கள், அந்தப் பெண் பாட்டைப் படித்துவிட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பல்லவி வராத இடம்

சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' இதற்கு நேர் எதிர். பாட்டு முழுக்க 'நான்' பேசுகிறது. பதிவு 1964 ஜனவரி. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1963 அக்டோபரில், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஓர் ஓட்டலில் குக்குக்கும் அவருடன் வந்தவர்களுக்கும் அறை மறுக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்ததற்கு, அமைதியைக் குலைத்ததாக வழக்குப் போட்டார்கள். நாடறிந்த பாடகருக்கே இந்த நிலை.

பல்லவி உள்ள பாட்டில் நான் சொல்லித்தரும் வேலை இது. ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு வரும் பல்லவியின் பக்கத்தில், இந்தத் தடவை அதை நம்ப முடிகிறதா என்று எழுதுங்கள். மாற்றம் வர நெடுங்காலம் ஆகிவிட்டது, ஆனாலும் வரும், எனக்குத் தெரியும் என்பது பல்லவி. சொல் மாறுவதில்லை. அதற்கு முன்னால் வரும் சரணம் மாறுகிறது.

முதல் சரணத்தில் ஆற்றங்கரைக் கூடாரத்தில் பிறந்தவன், ஆற்றைப் போலவே அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான். பல்லவி இயல்பாக வந்து சேர்கிறது. இரண்டாவதில், வாழ்வது கடினம், ஆனால் சாகவும் பயம், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறான். குக் போதகர் ஒருவரின் மகன். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற தேவாலயப் பாடகர் குழுவில் முதன்மைப் பாடகராகப் பேர் வாங்கிய பிறகே பாப் இசை என்னும் உலகியல் பாட்டுக்கு வந்தவர். மேலுலகத்தை உறுதியாகப் பாடி வந்த ஒரு வாய் அங்கே என்ன இருக்கிறதோ என்று கேட்பது சிறிய செய்தி அல்ல. அந்த வரிக்கு அடுத்து வரும் பல்லவி, மாற்றம் இந்த உலகத்திலேயே வர வேண்டும் என்று கேட்பதாக ஒலிக்கிறது. மூன்றாவதில் திரையரங்குக்கும் நகரத்துக்கும் போகிறவனை, இங்கே நிற்காதே என்று யாரோ விரட்டுகிறார்கள்.

அடுத்து வருவதை நிதானமாகக் கேளுங்கள். சகோதரனிடம் போய் உதவி கேட்கிறான். அவனோ இவனை மறுபடி முழங்காலில் விழும்படி தள்ளிவிடுகிறான். இதுவரை ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் வந்த பல்லவி இங்கே வரவில்லை. நேராக அடுத்த சரணம் தொடங்கிவிடுகிறது. யார் அந்தச் சகோதரன்? வெள்ளையனா, தன் இனத்தவனா, கூடப் பிறந்தவனா? பாட்டு சொல்வதில்லை. யாராக இருந்தாலும் அந்த அடிக்குப் பின் உடனே நம்பிக்கை சொல்ல வாய் வரவில்லை என்பது மட்டும் தெளிவு. இந்த இடத்தைக் கண்டுபிடித்த மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தந்துவிடுவேன், மீதி என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைசிச் சரணத்தில் இன்னொரு நுட்பம். என்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று எண்ணிய காலம் உண்டு, இப்போது முடியும் என்று நினைக்கிறேன் என்கிறான். தன்னைப் பற்றி 'நினைக்கிறேன்', மாற்றத்தைப் பற்றி 'தெரியும்'. வரலாற்றின் மேல் இருக்கும் உறுதி தன் உடலின் மேல் இல்லை. நம்பிக்கைப் பாட்டு என்று இதற்கு ஒட்டிவிட்ட பெயர் எவ்வளவு குறைவானது என்று இந்த இரண்டு வினைகளைப் பக்கத்தில் வைத்தால் புரியும்.

ஆண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் இந்தப் பாட்டே நல்ல எடுத்துக்காட்டு. பதிவானது 1964 ஜனவரி. திரையரங்கு, விடுதி போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் அதே ஆண்டு ஜூலை 2இல் கையெழுத்தானது. டிசம்பர் 11இல் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். தனிப்பாட்டுத் தட்டாக இது வெளிவந்தது அந்த மாத இறுதியில். அந்தத் தட்டில் திரையரங்குச் சரணம் நீக்கப்பட்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் வானொலிக்குப் போகும் தட்டில் அந்தச் சரணத்துக்கு இடமில்லை. சரணம் உள்ள முழுப் பதிவையும் அது நீக்கப்பட்ட தட்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். அந்தச் சரணம் போனால் பாட்டில் விரட்டுகிறவனும் போய்விடுகிறான். துன்பம் இருக்கும், அதைத் தந்தவர்கள் மங்கிவிடுவார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2008 நவம்பரில் சிகாகோவில் வெற்றி உரை நிகழ்த்திய ஒபாமா, நெடுங்காலம் ஆயிற்று, ஆனால் இன்றிரவு மாற்றம் வந்துவிட்டது என்று இந்தப் பல்லவியின் சாயலில் பேசினார். வரும் என்பது வந்துவிட்டது ஆனது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை எழுதுகிறவர் தம் தீர்ப்பாக எழுதலாம். வினையின் காலம் மாறியதைக் குறிக்காமல் மட்டும் விடக்கூடாது.

'நாம்' என்பது யார்

'வீ ஷல் ஓவர்கம்' பாட்டை ஒருவர் எழுதிய கவிதையாகப் படிக்க முடியாது. பல கைகள் பட்ட பாட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் டின்ட்லி வெளியிட்ட தேவாலயப் பாட்டு ஒன்றில் 'நான் ஒரு நாள் வெல்வேன்' என்று வருகிறது. 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களாக இருந்த தொழிலாளர்கள் 'நாம் வெல்வோம்' என்று பாடினார்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவார் என்பது பதிவாகியிருக்கிறது. தொழிலாளர்களுக்கும் உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் சில்ஃபியா ஹார்ட்டன் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார், அவரிடமிருந்து நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். 1960 ஏப்ரலில் ராலே நகரில் கறுப்பின உரிமைக்குப் போராடும் மாணவர் அமைப்பு தொடங்கிய கூட்டத்தில் பாடகர் கை கரவான் கற்றுக்கொடுக்க, இயக்கத்தின் பாட்டானது.

இத்தகைய பாட்டில் எந்த வரியை யார், எந்த நெருக்கடியில் சேர்த்தார் என்று பாருங்கள். 'நமக்குப் பயமில்லை' என்ற சரணத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1950களின் இறுதியில் ஓர் இரவு ஹைலேண்டர் பள்ளிக்குள் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்துவிட்டது. மாண்ட்கோமரியிலிருந்து வந்திருந்த பதின்வயதுப் பெண் ஜமீலா ஜோன்ஸ் இருட்டில் இந்த வரியைப் பாடத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாடியே தீர வேண்டுமா, கொஞ்சம் குறைத்துப் பாடக்கூடாதா என்று போலீஸ்காரர் ஒருவர் கேட்டதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பயமில்லை என்ற வரியின் பொருளை அந்த இருட்டை விட்டுவிட்டு விளக்க முடியாது.

இனி ஒரு சோதனை. 1965 மார்ச் 7இல் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. எட்டு நாள் கழித்து, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டுக்கூட்டத்தில் பேசும்போது, நாம் வெல்வோம் என்று இதே சொற்களைச் சொன்னார். சுருட்டுத் தொழிலாளி சொன்ன 'நாம்', இருட்டில் சிறுமி சொன்ன 'நாம்', அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர் சொன்ன 'நாம்' மூன்றுக்கும் தனித்தனிக் கூற்று எழுதுங்கள். மூன்றாவதை எழுதும்போது வகுப்பு இரண்டாகப் பிரியும். அரசே தங்கள் பக்கம் வந்துவிட்டது என்று ஒரு சாரார் மகிழ்வார்கள். பாட்டை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது என்று மறு சாரார் சொல்வார்கள். என் சாய்வு முதல் பக்கம்தான். அதே ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தை நன்றாக வாதிட்டு எழுதிய கட்டுரைகளும் என்னிடம் இருக்கின்றன.

ஜார்ஜியாவின் அல்பனி நகரில் 1961-62இல் நடந்த போராட்டத்தின் பாடல்களை இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பாட்டு பெரும்பாலும் ஒரு வெற்றிடத்தோடு இருக்கும். என்னை யாரும் திருப்பி அனுப்ப விடமாட்டேன் என்ற வரியில் 'யாரும்' இருந்த இடத்தில் நகரக் காவல் தலைவர் பிரிட்செட்டின் பெயரை வைத்துப் பாடினார்கள். அங்கே போராடிய மாணவி பெர்னிஸ் ஜான்சன் ரீகன், தலைக்கு மேல் காற்றில் துன்பம் என்று வரும் பழைய வரியில் துன்பத்தை எடுத்துவிட்டு விடுதலையை வைத்தார். இவற்றைப் படிக்கும்போது மாறாத பகுதியை ஒரு நிறத்திலும் மாறும் பகுதியை வேறு நிறத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் வரலாறு அந்த இரண்டாவது நிறத்தில் இருக்கும்.

தாளத்தையும் சாட்சிக்கு அழையுங்கள்

நீனா சிமோன் 'மிசிசிப்பி காட்டேம்' எழுதியது 1963இல். அந்த ஜூனில் மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மிசிசிப்பியைச் சபிக்கும் வசைச் சொல் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் மெட்டோ துள்ளல் மெட்டு, இசை நாடகத்துக்கு எழுதியது போல. நடுவில், இது ஒரு நாடகப் பாட்டு, ஆனால் இதற்கான நாடகம் இன்னும் எழுதப்படவில்லை என்று அவரே சொல்கிறார். 1964இல் கார்னகி ஹாலில் எடுத்த நேரடிப் பதிவில் கூட்டம் தொடக்கத்தில் சிரிப்பது கேட்கும். சிரிப்பு எங்கே நின்றுபோகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரியான உரிமையை மெல்ல மெல்லத்தான் தர முடியும் என்று அன்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பாட்டில் பதில் இருக்கிறது. மெதுவாக, மெதுவாக என்று பின்னணிக் குரல்கள் விட்டுவிட்டு ஒலிக்கின்றன. பாட்டு மட்டும் மூச்சுவிடாத வேகத்தில் ஓடுகிறது. அச்சில் இந்த முரண் தெரியவே தெரியாது. ஆகவே போராட்டப் பாட்டுக்கு எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் வேகம், தாளம், துணைக்குரல் ஆகியவற்றுக்கு ஒரு வரியாவது கொடுங்கள்.

சான்று இல்லாததை எழுதாதீர்கள்

அடிமைக்காலப் பாடல்களில் இரகசியச் செய்தி ஒளிந்திருந்தது என்ற பேச்சு மிகவும் கவர்ச்சியானது. ஒரு பகுதி உண்மை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1855இல் வெளியான தன்வரலாற்றில், விவிலியத்தில் கடவுள் வாக்களித்த கானான் தேசம் போகிறோம் என்று தாங்கள் பாடியபோது மனத்தில் இருந்தது வடமாநிலம்தான் என்று எழுதியிருக்கிறார். பாடியவரே சொன்ன சான்று அது. ஆனால் தப்பிச்செல்லும் பாதையின் வரைபடமே ஒரு பாட்டில் இருக்கிறது என்று பரவியிருக்கும் கதைகளில் சிலவற்றுக்கு, அந்தப் பாட்டு இருபதாம் நூற்றாண்டில் அச்சேறியதற்கு முந்தைய சான்றே கிடையாது. அழகான கதை என்பதற்காக எழுதிவிடாதீர்கள். அந்த மக்கள் பட்டது உண்மை. அவர்களைப் பற்றி எழுதுவதும் உண்மையாக இருக்க வேண்டும்.

படிக்கும்போது நம் ஊர்ச் சாதிக் கொடுமை நினைவுக்கு வரும். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, சில பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அந்த நினைவை அடக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதற்கென்று நோட்டில் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்வேன். பாட்டின் கூற்றை எழுதி முடிக்கும் வரை அந்தப் பக்கத்தைக் கட்டுரையோடு கலக்க வேண்டாம். ஷ்ரீவ்போர்ட் ஷ்ரீவ்போர்ட்டாகவே இருக்கட்டும். இரண்டும் தனித்தனியே தெளிவான பிறகு ஒப்பிட்டால் ஒப்பீட்டில் வலு இருக்கும்.

கட்டுரையாக எழுதும்போது கூற்று வரியில் தொடங்கி, அதற்குச் சான்றாக நீங்கள் கண்ட சிறிய ஒன்றை உடனே வையுங்கள்: வராமல் போன பல்லவி, எழுவாயாக நிற்கும் காகம், நின்றுபோன சிரிப்பு. வரலாற்றை அதற்குத் தேவையான அளவு மட்டும் கொண்டுவந்தால் போதும். நான்கு பக்கம் ஆபிரகாம் லிங்கனில் தொடங்கி வர வேண்டாம்.

தனியாகச் செய்து பார்க்க ஒரு பாட்டு: பாப் டிலனின் 'ஒன்லி எ பான் இன் தேர் கேம்'. எவர்ஸ் கொல்லப்பட்டு ஒரு மாதத்துக்குள் மிசிசிப்பியின் கிரீன்வுட் நகரில் பாடினார், 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டன் பேரணியிலும் பாடினார். அப்போது அவருக்கு 22 வயது, வெள்ளையர். எவர்ஸின் பெயர் பாட்டில் இருக்கிறது, சுட்டவனுக்குப் பெயர் இல்லை. ஏழை வெள்ளையனான அவன் அரசியல்வாதிகளின் சதுரங்கத்தில் ஒரு சிப்பாய்க்காய் மட்டுமே, குற்றம் ஆட்டக்காரர்களுடையது என்கிறது பாட்டு. கணவரை, தகப்பனை, தலைவரை இழந்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இதைப் பாட யாருக்கு உரிமை, கேட்டவர்களுக்கு அது ஆறுதலா, அடியா? 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டிலும் கொன்றவனுக்குப் பெயர் இல்லை. அங்கே பெயர் இல்லாதது செய்யும் வேலையும் இங்கே செய்யும் வேலையும் ஒன்றா? அதே கொலையிலிருந்து பிறந்த சிமோன் பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றுக்கும் கூற்று எழுதிப் பாருங்கள்.